கங்கையின் மேல் கழற்றிய ஷூ

அக்கா,

பரணிலிருந்து பச்சை டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தேன். முதலில் பாச்சை உருண்டை வாசனை. துணிகளை எடுக்க எடுக்க அடியிலிருந்து ரப்பர் வாசனை. பழைய வேட்டியில் சுற்றி நான் ஒளித்து வைத்திருந்த உங்கள் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. வெள்ளை என்று பழக்கத்தில் எழுதுகிறேன். பழுத்த வாழையிலை நிறத்துக்கு வந்துவிட்டது.

பெட்டியை இறக்கிய காரணத்தைச் சொல்கிறேன். நீங்கள் கணக்குச் சொல்லிக் கொடுத்த என் மகன் இப்போது லண்டனில் டாக்டர். பேத்தியைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருக்கிறான். நாலு நாள் எல்லோரும் கப்பலில் போகிறோமாம், வடக்கே தீவுகள் பக்கம். “ஓயாமல் தூறும் அம்மா, குளிர் வேறு. மேல்தளம் ஈரமாகவே இருக்கும். செருப்போடு வந்து நிற்காதே. வழுக்காத ஷூ வாங்கி, போட்டு நடந்து பழகிக்கொண்டு வா” என்று எழுதியிருக்கிறான். அந்தக் கடிதத்தைத் தெருவில் வீடு வீடாகப் படித்துக் காட்டினேன். என் பெருமை உங்களுக்குத் தெரியாததா? ஆனால் கப்பல் வரைக்கும்தான் படித்தேன். ஷூ வந்த இடத்தில் மடித்துவிட்டேன்.

காசிக்குப் புறப்படுவதற்கு முன் நீங்கள் டெலிபோன் ஆபீஸ் முடிந்து வந்து, என்னையும் சின்னக்கடை வீதிக்கு அழைத்துப் போனீர்கள். எதற்கு இந்த நேரத்தில் என்று நான் முனகினேன். “காலையில வாங்கின ஷூ சாயங்காலம் கடிக்கும்மா. நாள் முழுக்க நின்ன காலோட வந்துதான் வாங்கணும்” என்றீர்கள். கைப்பையிலேயே கம்பளிக் காலுறை வைத்திருந்தீர்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் ஷூவுக்குள் காலை விட்டீர்கள். அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்தீர்கள், அதன் வரிகளில் நகத்தை ஓட்டினீர்கள். “தோல் வேண்டாம் பாய். நனைஞ்சா நாலு நாளைக்குக் காயாது” என்றீர்கள் கடைக்காரரிடம். லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டுக் கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தீர்கள்.

உங்களுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது, வெறுங்காலோடு ஓரடி வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை வீட்டு மனிதர்களிடம் மட்டும் சொல்லியிருந்தீர்கள்.

“நீயும் ஒண்ணு வாங்கிக்கோ” என்றீர்கள்.

“நான் என்ன போலீஸ்காரியா, ஷூ போட்டுக்க?”

பாய் சிரித்தார். நீங்களும்தான் சிரித்தீர்கள்.

அக்கா, நீங்கள் எஸ்.எஸ்.எல்.சி. நான் அஞ்சாங்கிளாஸ். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள். உங்கள் கையில் கடிகாரம். மாமியார்கூட உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்வார். எனக்கென்று இருந்தது ஒரே பெயர்: ஏகாதசி தவறாதவள், ஆசாரம் தெரிந்தவள். ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிய யாத்திரைக் கூட்டத்தில் அந்தப் பெயரோடுதான் ரயில் ஏறினேன்.

தை மாதக் காசி. தூறலும் குளிரும். படித்துறை எல்லாவற்றையும் காட்டி அக்கரைக்கும் கூட்டிப் போவதாகப் படகுக்காரன் சொன்னான். பன்னிரண்டு பேர் ஏறினோம். படகின் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். எல்லோரும் செருப்பைக் கரையில் விட்டிருந்தோம். நீங்கள் மட்டும் ஷூவோடு உட்கார்ந்திருந்தீர்கள்.

நான்தான் ஆரம்பித்தேன். “கோயிலுக்குள்ள செருப்போட போவீங்களா அக்கா? இது கங்கை. இது மேல ஷூவா?” பக்கத்தில் இருந்த அம்மாள் “அதானே!” என்றாள். அந்த ஒரு ‘அதானே’ எனக்குப் போதுமானதாக இருந்தது. “படிச்சவங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியுது” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

டாக்டர் சொன்னது அந்தப் படகில் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நீங்கள் அதைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தீர்கள். “சரிம்மா” என்றீர்கள். ஷூவைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி அதற்குள் வைத்து, மடியில் வைத்துக்கொண்டீர்கள். இரண்டு மணி நேரம் உங்கள் கால் அந்தத் தண்ணீரில் கிடந்தது. நான் சந்தோஷப்பட்டேன் அக்கா. அதையும் எழுதத்தான் வேண்டும். அன்று நீங்கள் எனக்குக் கீழே உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

கரை இறங்கியும் ஷூவைக் கையில் பிடித்தபடியே வந்தீர்கள். சத்திரத்துக்குத் திரும்பியபோது கல் தரையில் வரிசையாகச் சிவப்புக் கால்தடங்கள். யாரோ குங்குமத்தை மிதித்துவிட்டதாக நினைத்தோம். தடம் உங்கள் படுக்கையில் போய் முடிந்தது. படகுப் பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியவே இல்லை. ரயிலில் கால் வீங்கியது. திருச்சியில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள், ஆடி மாதத்தில் பாதி பாதத்தை.

ஆஸ்பத்திரியில் உங்கள் வீட்டுக்காரர் கத்தினார். “ஏன் கழட்டினே? யார் கழட்டச் சொன்னா?” நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன். “யாரும் சொல்லலை. கங்கையாச்சேன்னு நானாத்தான் கழட்டினேன்” என்றீர்கள். நான் பிளாஸ்க்கைத் திறந்து உங்களுக்கு வெந்நீர் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஷூவை எனக்குக் கொடுத்தனுப்பினீர்கள். “நமக்கு ஒரே அளவு. வீணாப் போக வேண்டாம், நீ போட்டுக்கோ.” கோபமா பிரியமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். நீங்கள் அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தீர்கள்.

நேற்றுச் சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து அதே கடைக்குப் போனேன். இப்போது பாயின் மகன் இருக்கிறார். உங்கள் ஷூவைக் காட்டினேன். வளைத்துப் பார்த்தார், அடிப்பாகம் படக்கென்று வெடித்தது. “போடவே இல்லையாம்மா? சும்மா வச்சிருந்தாதான் ரப்பர் கெட்டுப்போகும்” என்றார். புதிதாக எடுத்தேன். காலுறையோடு போட்டு, வளைத்து, நகத்தை ஓட்டி, நடந்து பார்த்தேன். “என்னம்மா, கப்பல்ல வேலை பார்த்தீங்களா?” என்று கேலி செய்தார். “என் ஓரகத்தி சொல்லிக் கொடுத்தது” என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

இன்று காலை கூடத்தில் ஷூவோடு நடந்து பழகினேன். என் வீட்டுக்காரர் காபி குடித்துக்கொண்டே, “பாத்து. அண்ணி மாதிரி எங்கேயாவது கழட்டிட்டு நிக்காதே. அலட்சியத்துலயே கால விட்டாங்க” என்றார். புதிதாகச் சொல்லவில்லை. இந்த வீட்டில் உங்கள் பேச்சு எடுக்கும்போதெல்லாம் சொல்வதுதான். நானும் கேட்டுக்கொண்டு காய் நறுக்குவேன்.

இன்று நின்றுவிட்டேன். “அவங்களா கழட்டலை. நான் பேசிக் கழட்ட வச்சேன்.”

டம்ளரைக் கீழே வைத்தார். “இத்தனை வருஷமா அவங்களைத் திட்டிட்டு இருந்தேனே, பக்கத்துலதானே இருந்தே?”

“ஆமாங்க.”

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நாளை என்னை வழியனுப்ப உங்கள் வீட்டுக்காரர் வருகிறார், குடும்பமே வருகிறது. சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்ததும் சொல்லப்போகிறேன். உங்களை நான் நாலு பேரை வைத்துக்கொண்டுதானே பேசினேன்?

லேஸில் உங்கள் இரட்டை முடிச்சு எனக்கு வந்துவிட்டது. அவிழ்ப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. இந்த ஸ்ரீரங்கத்து வெயிலிலேயே என் விரல் தடுமாறுகிறது. அன்று படகில், விறைத்த விரல்களால் நீங்கள் இரண்டு கால் முடிச்சையும் அவிழ்க்க எவ்வளவோ நேரமாயிற்று. நான் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். குனியவில்லை.