ஏசுஅடிமை ஆபீஸுக்கு வந்து சேர்ந்தார்

இனயம்,
ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து.

அன்பு மகள் அஜிஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதா காவலில் நானும் அப்பாவும் முற்றத்துக் கோழிகளும் இங்கே சுகம். நீ அங்கே வேலைக்குப் போன வெளிநாட்டில் சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் உன் சுகத்தை இங்கே இருபது பேர் எனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லாமல் அம்மா ஏன் பேனாவை எடுத்தாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் சீக்கு ஒன்றும் இல்லை. போனில் பேசினால் யார் யாருக்குக் கேட்கும் என்று இப்போது எனக்கு நிச்சயம் இல்லை, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் கழிந்த சமயம் அப்பாவின் போனில் உங்கள் போனுக்குள் வைரஸ் புகுந்துவிட்டது என்று சிவப்பாக ஒரு விளம்பரம் வந்தது. விளம்பரம்தான், விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்த அந்தப் பாரைப் பற்றித்தான் பயம். கடலுக்கடியில் கிடக்கும் அந்தப் பாறைக்கூட்டத்தில் மற்ற வள்ளங்கள் வெறுங்கையாக வரும் நாளிலும் அவருக்குக் களவா மீன் கிடைக்கும் என்று உனக்குத் தெரியுமே. அதை அக்கா மகன் லிஜினிடம் சொன்னதில்லை, கட்டின பெண்டாட்டி என்னிடமும் சொன்னதில்லை. கண் மங்கி, கரையில் பார்க்கிற அடையாளங்கள் சரியாகத் தெரியாமல் போன பிறகு அந்த இடத்தைப் போனில் குறித்து வைத்திருந்தார். வைரஸ் அதைத் தூக்கிக்கொண்டு போய் லிஜின் கையில் கொடுத்துவிடும் என்று இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு தக்கலைக்குப் போய், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்ரீஜித் என்பவரின் செல்போன் கடையில் போனுக்குப் பாதுகாப்பு போடச் சொன்னார்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஆன்டிவைரஸைப் போட்டு முடித்ததும் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களோடு ஆப் என்கிற சாமான் வேறு ஏழெட்டு வந்தது. அண்ணாச்சி, இதெல்லாம் கட்டாயம் இல்ல, வேணும்னா மட்டும் போட்டா மதி என்று அவர் தெளிவாகவே சொன்னார். சும்மாவா என்று அப்பா கேட்டார். சும்மாதான். அவ்வளவுதான், முடிந்தது. கடப்புறத்தில் விலை பேசி முடிந்த பிறகு வாங்குகிறவன் கூடையில் மேலும் இரண்டு மீனை எறிந்து கொடுப்பவர் உன் அப்பா. ஒருவன் அதை வேண்டாம் என்று திருப்பிப் போட்டதற்கு ஒரு வருடம் அவனோடு பேசாமல் இருந்தாரே, நினைவிருக்கிறதா. தாறத வேண்டாம்னு சொன்னா அவனுக்கு ஒரு மாதிரி இருக்காதா, போடு தம்பி எல்லாத்தையும் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது வரியில், நாம் இருக்கும் இடத்தைப் பகிர்வது பற்றி ஏதோ எழுதியிருந்ததை நான் பார்த்தேன். ஆனால் கடையில் நாலு ஆண்கள் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமே. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, டிகிரி படிச்சவ ஒண்ணும் சொல்லலியே, அப்ப சரியாத்தான் இருக்கும் என்றார். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று எனக்குப் பள்ளிமுற்றத்தில் பொன்னாடை போட்டது இதற்குத்தான் போல.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் பெரிய காரியம் நடந்தது. அந்தச் சாமான்களில் ஒன்று குடும்ப வட்டம், இருபது பேர் வரை இலவசம் என்று போட்டிருந்தது. இடத்தைக் காலியாக விட அப்பாவுக்கு மனசு வரவில்லை. கருங்கல் ஸ்டாப் வருவதற்குள் சொந்தக்காரர்கள் தீர்ந்துவிட்டார்கள், பிறகு ஐஸ் பாக்டரிக்காரர், உபதேசியார், வலை பின்ன வருகிற ஆள் என்று சேர்த்து, கடைசியாக உனக்கும் அனுப்பினார். அப்பா அனுப்பினது என்று நீயும் வாசிக்காமல் அமுக்கியிருப்பாய். உன் கையில் கட்டியிருக்கும் வாட்சும் அதோடு சேர்ந்துகொண்டது என்று இப்போதுதான் தெரிகிறது.

முதல் வாரம் சிரிப்பாகத்தான் போனது. ஒரு சாமான் நம் பங்கின் இணையப் பக்கத்தை ஆபத்து என்று சிவப்புக் குறி போட்டுத் தடுத்தது. இன்னொன்று எங்கள் கல்யாணப் படத்தைக் காட்டி, இது மங்கலாக இருக்கிறது, அழித்துவிடலாமா என்று தினமும் மத்தியானம் கேட்டது. செவ்வாய்க்கிழமை நவநாள் நேரத்தில் உபதேசியார் மார்த்தாண்டத்தில் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருப்பதை இருபது போனும் ஒரே சமயம் மணியடித்துச் சொன்னது. பிறகு ஒரு நாள் அப்பாவின் பெயரைப் போட்டு, ஏசுஅடிமை அடிக்கடி போகும் இடம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம், இதற்குப் பெயர் வைக்கிறீர்களா என்று எல்லோருக்கும் வந்தது. படத்தைத் திறந்தால் கடல், கடலுக்கு நடுவே ஒரு புள்ளி. லிஜின் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஆபீஸ் என்று பெயர் வைத்துவிட்டான். மறுநாள் விடிந்தபோது, ஏசுஅடிமை ஆபீஸுக்கு வந்து சேர்ந்தார் என்று என் போன் சொன்னது. அப்பா அங்கே போய்ப் பார்த்தால் திருவிழாக் கடை போட்ட மாதிரி வள்ளங்கள் நிற்கின்றன. லிஜின் கை காட்டி, மாமா, ஆபீஸ் லேட்டாக்கும் என்று கத்தினானாம்.

அன்று அப்பா போனை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். நான் குடும்ப வட்டத்தின் ஒப்பந்தத்தை எடுத்து, பூசையில் முதல் வாசகம் வாசிப்பது போல் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். உங்கள் இருப்பிடத்தை எங்கள் கூட்டாளிகளோடு பகிரலாம் என்ற இடம் வந்ததும், எந்தக் கூட்டாளி, எனக்க வள்ளத்துல ஏறாத கூட்டாளியா என்று கேட்டார். எடுத்துவிடலாமா என்றேன். தந்ததத் திருப்பிக் குடுக்கதா என்று அதற்கும் மனசில்லை. அதற்குப் பதிலாக ஒரு தந்திரம் செய்தார். தான் கடலுக்குப் போகும்போது தன் போனை என்னிடம் கொடுத்து பஸ் ஏற்றி வடசேரிக்கு அனுப்பினார். நானும் அவருடைய போனைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு சந்தையில் மூன்று நாள் தேவையில்லாமல் சேனைக்கிழங்கு வாங்கினேன். மூன்றாம் நாள் அந்தப் போனில் லிஜினின் அம்மா ஜெபகனி மாமி கூப்பிட்டு, ஏட்டி செல்வி, எனக்க தம்பி உனக்க கூட வடசேரியில என்ன செய்யான் என்று கேட்டாள். அவள் குரலோடு அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரலும் கேட்டது, அக்கா, நான் உனக்க முன்னாலதானே நிக்கியேன் என்று. மாமி அசையவில்லை. நீ சும்மா கெட லே, போன் பொய் சொல்லுமா என்று அவரை அதட்டினாள்.

இனி உன் காரியத்துக்கு வருகிறேன். நேற்றைக்கு முந்தின சனிக்கிழமை, நமக்கு மத்தியானச் சோற்று நேரம், அஜிஷா அடிக்கடி போகும் புதிய இடம், பெயர் வைக்கலாமா என்று வந்தது. உன் புள்ளியும் நீலத்துக்குள் நின்றது. மாமி தலைமுடியைக்கூடக் கட்டாமல் ஓடிவந்து, ஏட்டி, பிள்ள கடலுக்குள்ள கெடக்கா என்று நெஞ்சில் அடித்தாள். உபதேசியார் ஜெபமாலை தொடங்கிவிட்டார். பரோட்டா விஷயத்துக்குப் பிறகு அவருக்கு அது தேவையாகவும் இருந்தது. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், நீ எடுக்கவில்லை. பிறகு நீயே வீடியோவில் வந்து ட்யூட்டியில் இருந்தேன் அம்மா என்றாய். தலையில் துண்டு, உதடு நீலம், கண் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி. நான் ஒன்றும் கேட்கவில்லை. கடலில் இருந்து ஏறி வருகிற முகத்துக்கு இத்தனை வருடமாகத் துண்டு எடுத்துக் கொடுக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா மக்கா.

நீ ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஏழு வயதில் அலையில் இறங்கினாய் என்று உன்னை முடியைப் பிடித்து இழுத்து வந்தவர் அவர். அதற்கு அடுத்த வருடம் உன் சித்தப்பா கடலோடு போன பிறகு, நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கடலை முற்றத்தில் நின்று பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் நீ நிறுத்திவிடுவாய், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வட்டத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு. அவளுக்க ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போடணும் என்றாள் மாமி. அவ கப்பல்ல போறாளா இருக்கும் என்றான் லிஜின். அப்பா மட்டும் முற்றத்தில் போய் நின்று கடலைப் பார்த்தார்.

நேற்று மறுபடியும் சனி. அப்பா கடலுக்குப் போகாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். உன் புள்ளி கரையை விட்டு இறங்கியது. அவர் கையை நனைக்கவே இல்லை. மீன்குழம்பு ஆறிப்போனது. புள்ளி திரும்பிக் கரையேறின பிறகுதான் ஒரு மூச்சு விட்டு, ஆரு நீந்தப் படிச்சுக் குடுத்தா அவளுக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு உண்டார். அந்த நேரம் பார்த்து மாமி வந்து, இந்த எடத்துக்குச் சாவுக்கிடங்குன்னு பேரு வைக்கப்போறேன், அப்பதான் அவளுக்குப் புத்தி வரும் என்று விரலை நீட்டினாள். அப்பா எச்சில் கையோடு போனைப் பறித்துவிட்டார். அக்கா, நான் எனக்க பாரை எனக்க பெண்டாட்டிக்கிட்டயே சொன்னதில்ல. அவ சொல்லாத எடத்துக்கு நீ ஆரு பேரு வைக்க? அது அவளுக்க எடம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, எல்லாத்தையும் எடுத்துப் போடு செல்வி என்றார்.

எடுத்துவிட்டேன். லேசில் போகவில்லை. நிச்சயமா, உண்மையிலேயே நிச்சயமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது, கடைசியில் போகாமல் இருந்தால் மூன்று மாதம் எல்லாம் இலவசம் என்றது. சும்மாவா என்று அப்பா எட்டிப் பார்த்தார். நான் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

இங்கே எடுத்ததால் உன் பக்கம் போய்விடாது. உன் போனிலும் வாட்சிலும் அந்தக் குடும்ப வட்டத்தில் இருந்து நீயே விலக வேண்டும், இந்தக் கடிதம் கண்டதும் அதைச் செய். மாமியும் லிஜினும் இன்னும் அதில்தான் இருக்கிறார்கள். தண்ணீர் கரையில் இருந்து ஆறு மாதிரி உள்ளே இழுக்கும் இடத்தில் இறங்கக் கூடாதாம், இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்தாமல் கரையை ஒட்டிப் பக்கவாட்டில் போக வேண்டுமாம், தனியாகப் போகவே கூடாதாம். இதெல்லாம் அப்பா சொன்னது, போகாதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நான் சொல்வது ஒன்றுதான், ஏறி வந்ததும் சூடாக ஏதாவது குடி, தலையை நன்றாகத் துவட்டு. வெள்ளிக்கிழமை கொண்டுவந்த களவாவைப் பார்த்தால் அப்பா வேறு ஒரு பார் கண்டுபிடித்திருக்கிறார் என்று தெரிகிறது. எங்கே என்று நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கமாட்டேன். சனிக்கிழமை கரையேறினதும் சோறு உண்டேன் என்று ஒரு வரி மட்டும் அனுப்பு, அவருக்குக் குழம்பு ஆறாமல் இருக்கும்.

நீ கால் வைக்கும் கரையிலும் கடலிலும் மாதா உனக்கு முன்னால் போகட்டும். அப்பாவிடம் இருந்து எந்த லிங்க் வந்தாலும் என்னைக் கேட்காமல் அமுக்காதே.

உன் அம்மா,
ஏ. சகாயசெல்வி

இதை ஒட்டுவதற்கு முன்னால் அப்பா வந்து ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்: அங்க தண்ணி ரொம்பக் குளிரா?