சாமி மாலை கழட்டும் நாள்

டிசம்பர் 19, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. நைனாவின் கறுப்பு வேட்டி இரண்டும் ஈரம். ஒன்றை அடுப்பு மேலே பிடித்துக் காயவைத்தேன், ஓரம் கருகிவிட்டது. கறுப்பில் தெரியாது.

அப்பாவை நைனா என்று இந்த டைரியில் எழுதலாம், கூப்பிடக் கூடாது. சபரிமலைக்கு மாலை போட்டதிலிருந்து எல்லோருக்கும் அவர் சாமி. அம்மாவுக்கு, ஹார்பரில் அவரோடு மூட்டை தூக்குகிறவர்களுக்கு, எனக்கு. குடி இல்லை, பீடி இல்லை, செருப்பு இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஜனவரி 6 மாலை கழட்டுகிறார். போன வருஷம் காலையில் கழட்டினார். அன்று சாயங்காலமே குடித்துவிட்டு வந்து அம்மாவின் மணிக்கட்டை உடைத்தார்.

தையல் கம்பெனியில் இன்று நானூறு சட்டைக்கு நூல் பிசிறு வெட்டும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் எதிர்க் கடை ஒரு ரூபாய் போன். அம்மாவுக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்து எழுதிய நம்பர். குடியை விட்டவர்கள் கூட்டம். ஒரு வருஷமாக ஜாமெட்ரி பாக்ஸில் கிடந்தது. இரண்டு முறை பேசாமல் வைத்துவிட்டேன். மூன்றாவது முறை போனை எடுத்தவரே பேசினார்:

"பேசும்மா. நானும் குடிச்சவன்தான். கூச்சப்படாத."

"எங்க நைனா இப்ப குடிக்கல. ஜனவரி ஆறாந்தேதி குடிப்பாரு."



"இன்னாம்மா, தேதி குறிச்சா குடிக்கிறாரு?"

"அன்னிக்குத்தான் மாலை கழட்டுறாரு."

"அப்போ அதுக்கு முன்னால இட்டுகினு வா."

ஞாயிறு சாயங்காலம் 5. ராயபுரம், சர்ச் ஸ்கூல், நாலாம் அறை. வீட்டு ஆட்களும் வரலாம். அவர் பெயர் பாலு, ஆட்டோ ஓட்டுகிறார்.

டிசம்பர் 21, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னாடி, சாமியைப் போய் குடிகாரனுங்க கூட்டத்துக்கு இட்டுகினு போறியா? இப்போ நல்லாத்தானே கீறாரு. கெளறாத."

நல்லா இருக்கிறார், அதனால்தான் இப்போது. மாலையோடு கை ஓங்க மாட்டார். ஏழாம் தேதி யார் கேட்பது?

பூஜை முடிந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டே அவரிடம் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நைனாவின் தாடை இறுகியது. கை மாலையைப் பிடித்தது. "சாமி சரணம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். அம்மா கிள்ளிய இடம் இன்னும் எரிகிறது.

தலை முழுக்க நூல் பிசிறு. நாளை சீயக்காய்.

டிசம்பர் 23, ஞாயிறு

மூன்றரைக்கு அவராகவே, "பாப்பா, கெளம்பு."

திருவொற்றியூரிலிருந்து பஸ். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். ஸ்கூல் வாசலில், "சர்ச்சா?" என்றார். "ஸ்கூல்தான் சாமி." மூன்றாங்கிளாஸ் பெஞ்சு. பெரிய பெரிய ஆட்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு பேர். டீ. பெயரையும் குடிக்காத நாளையும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

நைனா: "குமாரு. முப்பத்தேழு நாளு." கொஞ்சம் பெருமையாகத்தான்.

பாலு அண்ணன் சிரித்தார். "நான் அஞ்சு வருசம் மாலை போட்டவன் சாமி. கழட்டின கையோட நேரா ஒயின்ஷாப்பு. எனக்கு பதிலா மாலைதான் குடிக்காம இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நைனா எழுந்தார். "நான் குடிகாரன் இல்ல." வெறுங்காலோடு விறுவிறு என்று வெளியே. நான் பின்னால் ஓடினேன்.

டோல்கேட் வரைக்கும் எனக்கு முன்னாலேயே நடந்தார். அப்புறம்:

"அந்த ஆட்டோக்காரன் எத்தினி நாளா குடிக்கலயாம்?"

"நாலு வருசம், சாமி."

"மாலை இல்லாமயா?"

"இல்லாமதான்."

ஜனவரி 1, செவ்வாய்

இருமுடி கட்டி மலைக்குப் போய்விட்டார். கூட்டம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஐந்து நாள் நிம்மதி.

ஜனவரி 6, ஞாயிறு

10.30. கோயிலில் குருசாமி மாலையைக் கழட்டினார். நைனா கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

11. அலமாரிக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்தார், தூசி தட்டினார். "சும்மா, டோல்கேட் வரிக்கும்." அம்மா மணிக்கட்டைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். அவளுக்கே தெரியாமல்.

2. வரவில்லை. சோறு மூடி வைத்திருக்கிறது.

4. வரவில்லை. ராயபுரம் நான் மட்டும் போகிறேன். அங்கே போய் என்ன சொல்வேன், தெரியவில்லை.

ராத்திரி 8. வீட்டுக்கு வந்தாச்சு. நடந்தது:

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாலு அண்ணன் டீ கொடுத்தார். ஐந்தேகாலுக்கு வராந்தாவில் செருப்புச் சத்தம். குடித்தால் நைனாவுக்கு இடது கால் இழுபடும், தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். காது கொடுத்துக் கேட்டேன். கதவுக்கு வெளியே சத்தம் நின்றுவிட்டது. யாரும் வரவில்லை. நான் போனேன்.

படியில் உட்கார்ந்திருந்தார்.

"கடை வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னேன் பாப்பா. மோந்து பாரு. என் சட்டையெல்லாம் மோந்துதானே தோய்க்கப் போடுற, எனக்குத் தெரியாதா?"

குனிந்து மோந்தேன். விபூதி, வேர்வை, பீடி. மறுபடியும் மோந்தேன்.

"உள்ள வா நைனா."

"எத்தினி நாள்னு கேப்பானுங்களே. அம்பதுக்கு மேலன்னு சொல்லவா?"

கையைப் பிடித்து எழுப்பினேன்.

உள்ளே போய் நின்றுகொண்டே சொன்னார்: "குமாரு. மாலை கழட்டி ஏழு மணி நேரம் ஆவுது."

யாரும் சிரிக்கவில்லை. பாலு அண்ணன் நகர்ந்து இடம் விட்டார்.

இப்போது படுத்திருக்கிறார். செருப்பு வாசலில்தான் இருக்கிறது. இரண்டு தடவை எழுந்து பார்த்துவிட்டேன்.