மலையென்று நினைத்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

பெனிட்டா எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறதா? போனில் பேசினால் என் குரலை வைத்தே அம்மா எதையாவது கண்டுபிடித்துவிடும். அதனால்தான் கடிதம்.

ஆஸ்பத்திரியில் லீவு நாள் என்றால் அறையில் என்னால் உட்கார முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறேன். அதற்காகவே சின்னதாக ஒரு டிரோன் வாங்கினேன். இந்த ஹரியானாவில் கோதுமை அறுத்த வயல்கள் கண்ணுக்கெட்டிய வரை காலியாகக் கிடக்கின்றன. பறக்கவிட்டுப் பழக நல்ல இடம்.

ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகப் பனை உயரத்துக்கு ஏற்றினேன். அதன் கேமராவில் தெரிவது என் போனில் வந்தது. தூரத்தில் கருப்பாக ஒரு மலை! நம் ஊர் கம்பத்தில் மேற்கே தெரியுமே, அப்படியே. இங்கே மலையே கிடையாது என்று எட்டு மாதமாகத் தெரிந்தும், அதை நோக்கியே டிரோனை விட்டேன்.

"ஏ கிறுக்கி, அது மலை இல்லடி, புழுதிப் புயலு! ஓடு!" என்று கத்தினாள், என்னோடு தங்கியிருக்கும் போடிக்காரி எஸ்தர்.

இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டோம். அடி எதுவும் இல்லை, வாயில்தான் மண். மறுநாள் டிரோன் இரண்டு இறக்கை ஒடிந்து கிடைத்தது. புதிது மாட்டிவிட்டேன்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒரே ஒரு வேலை, அப்பா. நம் திராட்சைத் தோட்டத்திலிருந்து அந்த மலையை யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லி அனுப்புங்கள். நீங்களும் அம்மாவும் முன்னால் நில்லுங்கள், மலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியட்டும்.

அவசரத்தில்,
பெனிட்டா