டெஃப்லானை மாற்றியது யார்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் நலம். இங்கே குளிரெல்லாம் ஒன்றும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு கூத்து நடந்தது. ஒட்டாத சட்டியில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லானில் ஒரு துண்டைத்தான் எக்ஸ்ரேயில் வைத்து ஆராய்கிறேன். காலையில் ஒரு மாதிரியும் மதியம் வேறு மாதிரியும் படம் விழுந்தது. பக்கத்து மேசைக்காரி துண்டை மாற்றுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். துண்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, உங்களைப் போலவே இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். அப்போதும் படம் மாறியது. நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"யாரும் தொடலைங்க. பத்தொன்பது டிகிரிக்குக் கீழ போனா அதோட மூலக்கூறுச் சங்கிலியெல்லாம் இன்னும் இறுக்கமா முறுக்கிக்கிட்டு வேற மாதிரி அடுக்கிக்கும். காலையில ரூம் குளிருது. மதியம் நான் ஹீட்டர் போடுறேன்."

பாடத்தில் படித்ததுதான். சந்தேகம் வந்துவிட்டால் படிப்பு எங்கே நிற்கிறது?

"ஹீட்டர் எதுக்கு?" என்றேன்.

"நீங்க நடுங்குறீங்களே."

என் நடுக்கத்தை அவள் ஏன் கவனிக்க வேண்டும்? என் பழைய பச்சை ஸ்வெட்டரை உடனே அனுப்புங்கள் அப்பா. அதைப் போட்ட பிறகும் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறாளா என்று தெரிய வேண்டும்.

அவசரத்தில்,
உங்கள் மூத்தவள்