கரின் கூட்டத்துக்குப் போகிறாளாம்

டுலூத்,
பிப்ரவரி 3

அன்புள்ள பிரிட்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், உன் தங்கை கரினும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. காட்டுக்குள் உன் போராட்ட முகாமில் போன் எடுக்காது என்பதால் கடிதம் போடுகிறேன். இங்கே ஏரி உறைந்து கிடக்கிறது, கரினின் சக்கர நாற்காலி இறங்கும் சரிவில் அப்பா தினமும் உப்புப் போட்டுப் பனியைச் சுரண்டுகிறார். அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வேனை மாவட்ட நிர்வாகம் நிறுத்தப்போகிறது என்று எழுதியிருந்தேனே, அதற்காகப் படுக்கையில் இருந்தபடியே இணையத்தில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துச் சேர்த்தாள். அதைப் பற்றி நிர்வாகம் வைத்த முதல் கூட்டத்துக்கு நான் போனேன், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அவ்வளவுதான். கூட்டத் தலைவர் காலி நாற்காலிகளைக் காட்டி, "கையெழுத்துப் போட்டவங்கள்லாம் எங்கம்மா, ஒருத்தரையும் காணோமே?" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பக்கத்து வீட்டு டெல்மார்கூடக் கையெழுத்தை விரலால் தட்டிவிட்டு ஹாக்கி பார்க்க உட்கார்ந்துவிட்டார். ஆனால் கூட்டம் வைப்பது இரவில், வேனோ சாயங்காலத்தோடு நின்றுவிடும், அதில் போகிறவர்கள் வேறு எப்படி வருவார்களாம்?

அந்த நேரம் பார்த்து நீ முகாமுக்குப் பக்கத்து ஊருக்குள் போய், "படுத்துக்கிட்டே பட்டனைத் தட்டுறதெல்லாம் ஒரு போராட்டமா?" என்று இணையத்தில் எல்லாரும் பார்க்க எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். அதையும் போனில்தானே தட்டினாய் மகளே? தங்கையை நினைத்து நீ எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியவில்லை. உன்னைப் போலீஸ் பிடித்தபோது படுக்கையில் இருந்தே வக்கீலைத் தேடிப்பிடித்தவள் அவள். இப்போது இருபதாம் தேதிக் கூட்டத்துக்கு நேரிலேயே போவேன் என்கிறாள். போன குளிர்காலத்தில் சாதாரணச் சளிதான் அவளை மூச்சுக்கருவியில் கொண்டுபோய்ப் போட்டது, இன்னொரு தடவை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நாற்காலி காலியா இருக்குன்னுதானே சொன்னாரு, நான் நாற்காலியோடவே போறேன்மா" என்று சிரிக்கிறாள். அப்பா யாரிடமோ வண்டி கேட்டு வைத்திருக்கிறார், அவரும் அவள் பக்கம்தான்.

நீ எழுதியதை இனி அழித்துப் பிரயோஜனமில்லை, அவள் படித்துவிட்டாள். இது கிடைத்ததும் ஊருக்குள் போய் அவளைக் கூப்பிட்டுப் பேசு. முடிந்தால் கிளம்பியே வா, அவள் எழுதித் தருவதை அந்தக் கூட்டத்தில் நீ படி. நான் தடுத்தால் அம்மா பயப்படுகிறாள் என்று தள்ளிவிடுவாள். அவள் அந்தத் தலைவருக்காகப் போகவில்லை பிரிட்டா, உனக்குக் காட்டத்தான் போகிறாள்.

கடவுள் உங்கள் இரண்டு பேரையும் எனக்கு விட்டு வைக்கட்டும். ஈரக் காலுறையோடு தூங்காதே. இருபதாம் தேதி, மறந்துவிடாதே.

உன் அம்மா,
மார்லிஸ்