ஏழாம் அறையின் ஓதம்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. உன் அண்ணன் போன வாரம் வந்து, இந்த வயதில் ஏணி ஏறாதீர்கள் என்று அரைமணி நேரம் புத்தி சொன்னான், கடைசியில் அவன் வீட்டு வாசல் கதவுக்கு எப்போது பெயின்ட் அடிக்க வருவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனான்.

பழைய அச்சுக்கூடத்தை அறை அறையாகத் தடுத்து ஓவியர்களுக்கு விட்டிருக்கிறார்களே, போன மாதம் அங்கேதான் பெயின்ட் வேலை பார்த்தேன். நடைவழிக்கும் ஆறு அறைகளுக்கும்தான் பேச்சு. ஏழாவது அறைக்காரப் பெண் வெளியூர் போயிருந்தாள்; அவள் அறைச் சுவரில் ஓதம் ஏறி ஈரக்கறை படிந்திருந்ததைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்குமா? சுற்றிலும் பென்சில் கோடுகள் வேறு. குழாய்க்காரர் போட்ட குறி என்று நினைத்து, சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டேன். வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லா அறைகளையும் திறந்துவைத்து எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம், ஒவ்வொரு படத்துக்கும் எதிரே ஒரு நாற்காலி. உட்கார்ந்தவர், தான் பார்த்ததைச் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. அம்மா கால்வலிக்கு உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். எதிரே இருந்த குதிரையைப் பார்த்து, "இதுக்கும் முழங்கால் வலி போலிருக்கு" என்றாள், வரைந்தவரே விழுந்து விழுந்து சிரித்தார். ஏழாவது அறைக்குப் போனால் வெறும் சுவர், எதிரே காலி நாற்காலி. பக்கத்தில் நின்றவர் விஷயத்தைச் சொன்னார். எட்டு மாதமாக ஞாயிறுதோறும் ஓதம் பரவியதைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெண் அதன் ஓரத்தில் கோடு போட்டு வந்தாளாம், அன்றைக்கு அவள் காட்ட இருந்ததே அதுதானாம், யாரோ அழித்துவிட்டார்களாம். அவள் ஜன்னலோரம் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துவைத்தாள், கண் மட்டும் சிவந்திருந்தது. பொய் சொல்வானேன், நழுவிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அம்மா என் முகத்தைப் பார்த்தே, "உங்க வேலையா?" என்றாள். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நான்தாம்மா அடிச்சேன், அழுக்குன்னு நினைச்சுட்டேன்" என்றதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எதையாவது சொல்லித்தானே எழுந்திருக்க வேண்டும், அங்கே இருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். வேலையைத் தொடங்குமுன் சுவரை முழுக்கத் தடவிப் பார்ப்பது என் பழக்கம், உனக்குத் தெரியும். மேல் மூலையில் டீ சிந்தியது போன்ற நிறம், ஜன்னல் பக்கம் இறங்க இறங்க வெளிறியது, நடுவில் தொட்டாலே உதிர்ந்த பொருக்கு, அடியில் வெள்ளையாக உப்பு. நான் சொல்லச் சொல்ல அவள் பென்சிலை எடுத்து என் புதுப் பெயின்ட் மேலேயே வரைந்தாள்; எனக்கு ஒரு நிமிடம் பகீர் என்றது. முடித்துவிட்டு, "எட்டு மாசமா நான் ஓரத்தை மட்டுந்தான் பாத்திருக்கேன் ஐயா, உள்ளே இருந்ததை நீங்கதான் பாத்திருக்கீங்க" என்றாள். கோபம் முழுக்கத் தீரவில்லை, ஆனாலும் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

வீடு திரும்பும்போது உன் நினைவுதான். ஆறு வயதில் கூடத்துச் சுவரில் நீ ஒரு பஸ் வரைந்தாய், விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நான் அதன்மேல் அடித்துவிட்டேன், இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. அந்த பஸ்ஸுக்குப் பதினொரு ஜன்னல், சின்னு. கடைசி ஜன்னலில் நான் இருந்தேன், என் ஏணி பஸ்ஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நன்றாக இருந்தது, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

உன் குளியலறைச் சுவரில் ஓதம் என்று எழுதியிருந்தாயே, மேல்வீட்டுக் குழாயை முதலில் பார்க்கச் சொல். சுவரில் நீ எதை வரைந்திருந்தாலும் அப்படியே விட்டுவை, நான் வந்தால் கேட்டுவிட்டுத்தான் கைவைப்பேன். இருவரும் எல்லாச் சுகமும் பெற்று நீடூழி வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

கையில் இன்னும் பெயின்ட் போகாத
உன் அப்பா