பெரியம்மாவின் சலாலா

சோலோதுர்ன், சுவிஸ்
ஆவணி மாதம்

அன்புள்ள மகள் வேணுகாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது உனக்குத் தெரிந்ததுதான். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு நலமாக இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டித் தொடங்குகிறேன். நான் அனுப்பும் குரல் செய்திகளை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று அப்பா கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார், அதனால்தான் கடிதம். மழையிலும் பனியிலும் சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும், மெதுவாக எழுத்துக்கூட்டி வாசி. தபாலை நம்பாமல் அப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவார்.

நீ ஓமானுக்குப் போனதிலிருந்து கோயிலில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது, செத்தவீட்டுக்காரருக்குக் கிடைக்கிற மரியாதை. சூரிச்சில் படித்த பிள்ளை, காய்ந்த ஆறுகளில் குழாய் இறக்கி நிலத்தடி நீர் அளக்கிறாள் என்று நான் எவ்வளவு விளக்கினாலும், எங்கள் ஆட்களுக்கு அரபு நாடு என்றால் ஒரே ஒரு வேலைதான் தெரியும். பிரபாலினி அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, சுவிஸிலை ஒரு வேலையும் கிடைக்கேல்லையோ அக்கா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டுக்கார மனிசி நல்லவவோ என்றும் கேட்டார். ஓம், மிச்சம் நல்லவ, கல்லுக்குக் கீழைதான் இருக்கிறா என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் நிலத்தடி நீரைச் சொன்னது விளங்காமல் அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே நிபுணர் என் அக்கா, உன் ஜெயமலர் பெரியம்மா. நீ பிறக்க எத்தனையோ காலத்துக்கு முன்பு நான்கு வருடம் சலாலாவில் வீட்டுவேலை செய்தவர், அவர் அங்கே பட்ட பாட்டில்தான் நான் விமானம் ஏறி இந்த நாட்டுக்கு வந்தேன். நீ வெளிக்கிட முன்பு அவர் உனக்குப் பாடம் எடுத்ததை மறந்திருக்க மாட்டாய். சலாலா முழுக்க மணல், மழை என்ற கதையே இல்லை, குடை கொண்டுபோனால் ஆணியில்தான் தொங்கும், நாள் முழுக்க வாசலில் லொறியும் தலைக்கு மேலே போர் விமானமும், ஒரு பச்சை இலை காணக் கிடைக்காது என்றார். நீயும் பெரியவர்கள் சொல் கேட்கும் பிள்ளையாகக் குடையை இங்கேயே விட்டுவிட்டுப் போனாய். வாழ்க்கையில் ஒரு முறை சொல் கேட்டாய், அங்கே போய் இறங்கின கிழமையே தூறலில் நனைந்து தடிமன் பிடித்துப் படுத்தாய்.

பிறகு உன் படங்கள் வரத் தொடங்கின. சலாலாவில் தெருவெல்லாம் தென்னை, வாழைக்குலை தொங்கும் கடைகள், இளநீர் வெட்டும் ஒரு மலையாளத்துக்காரர். பக்கத்துக் கடலோர ஊரான தாக்காவில் கடற்கரை நிறையக் காயப்போட்ட சூடை மீன், அதை ஒட்டகத்துக்குத் தீனியாகப் போடுகிறார்கள் என்று நீ எழுதியதை வாசித்துவிட்டு அப்பா ஒட்டகங்களின் மேல் பொறாமைப்பட்டார். மிர்பாத்தில் பழைய வீடுகள், மரத்தால் செதுக்கிய ஜன்னல்களோடு இடிந்துகொண்டு நிற்கின்றன. வாதி தர்பாத் பள்ளத்தாக்கில் மூடுபனிபோலப் புகார் மூடிய மலையும் புல்லும் மாடும், இங்கே எங்கடின் மலைப்பக்கத்தில் தவறிப்போய் நாலு ஒட்டகம் நிற்கிற மாதிரி. நிருசன் சித்தப்பா வீட்டுப் பிறந்தநாளில் இதையெல்லாம் பெரிய ரீவியில் போட்டது நான்தான். நிருசன் சும்மா இருப்பாரா? அக்கா, நீங்கள் இருந்தது சலாலாவிலையோ சஹாராவிலையோ என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பெரியம்மா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ரீவியையே பார்த்தபடி, நான் இருந்த இடத்திலை இதொண்டும் இல்லை என்றார். கேக் வெட்ட முன்பே கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, ரெலிபோன் எடுத்தால் தலையிடி என்றார். கோயிலில் கதை ஒரு கிழமைக்குள் வளர்ந்துவிட்டது. அவ உண்மையிலை எங்கை இருந்தவவோ, என்ன வேலை செய்தவவோ என்று என் காதுபடவே ஒருவர் கேட்டார். முதியோர் இல்லச் சமையலறையில் ஓய்வெடுக்கும் வயதுவரை உழைத்து, ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேளாத மனிசி அவர். அப்போதுதான் உனக்கு அந்த நீண்ட குரல் செய்தியை அனுப்பினேன். பெரியம்மா சொன்னதெல்லாவற்றையும் அதில் சொன்னேன், மஸ்கட்டில் இறங்கியது, அங்கிருந்து ஒரு பகல் முழுக்கப் பாலைவனத்தில் ஒரு வான் வண்டியில் ஓடியது, லொறி, விமானம், எல்லாம்.

அதை மட்டும் நீ சரியான வேகத்தில் கேட்டிருக்கிறாய். மஸ்கட்டிலிருந்து வரும் பெருந்தெரு முதலில் துமுரைத் என்ற ஊருக்குத்தான் வரும், அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது, லொறிகள் நின்று போகும் இடம், அதற்குத் தெற்கே மலை, மலைக்கு அங்கால்தான் சலாலா என்று எழுதினாய். கடல் புகார் மலையின் தெற்குப் பக்கத்தோடு நின்றுவிடும், வடக்கே ஒரு துளியும் விழாது என்றும் எழுதினாய். எனக்கு உடனே விளங்கியது, இங்கே மலையைக் குடைந்து போகும் கோட்டார்ட் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழையும் அந்தப் பக்கம் வெயிலும் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம். பெரியம்மா சொன்னதில் ஒன்றும் பிழையில்லை, ஊரின் பெயர் ஒன்றைத் தவிர.

இதை அவரிடம் சொல்வதா விடுவதா என்று நீ கேட்டிருந்தாய். சொல்லாதையும், இத்தனை வருஷமாச் சலாலா எண்டு பெருமையா இருந்தவ, இப்ப போய் ஊரை மாத்தினால் மனிசி என்ன செய்யும் என்றார் அப்பா. அவர் சொன்னால் நான் வழக்கமாக எதிர்மாறாகத்தான் செய்வேன், இந்த முறையும் அப்படியே செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை முழங்காலையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் ரெலிபோனில் வரைபடத்தை விரித்து வைத்தேன். முதலில் சண்டை பிடித்தார். வான் ஓடினவனிட்டைக் கேட்டனான், சலாலாவோ எண்டு, அவன் தலையாட்டினவன் என்றார். உன்ரை கடிதமெல்லாம் வீட்டுக்காரரின்ரை சலாலாத் தபால் பெட்டிக்குத்தானே வந்தது என்றார். அது உண்மைதான். நான் எழுதிய கடிதங்கள் சலாலாவுக்குப் போயிருக்கின்றன, அவர்தான் போகவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவை விரலால் இழுத்துப் பார்த்தார். எவ்வளவு தூரம் என்று கேட்டார். எண்பது கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம் என்றேன். அப்ப நான் பொய் சொல்லேல்லை என்றார். இல்லையக்கா என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த நேரமும் தென்னை நிண்டிருக்குமோ என்று கேட்டார். நிண்டிருக்கும் என்றேன். நாலு வருஷம் பால்மாவைக் கரைச்சுக் கறி வைச்சனான், ஒரு மலைக்கு அங்காலை தேங்காய் கிடந்திருக்கு என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அழுதார். நானும் அழுதேன், எனக்கு அவரை அப்படிப் பார்த்துப் பழக்கமில்லை.

கோயிலில் எல்லாருக்கும் நானே சொல்லிவிட்டேன், சத்தமாக. நிருசன் பெரியம்மா வீட்டுக்குக் கேக் கொண்டு போனார், அவர் கேக்கை வாங்கி வைத்துக்கொண்டு வாசலோடு அனுப்பிவிட்டார். இனி உன் காரியத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் என்னையும் அப்பாவையும் வரச்சொல்லிக் கேட்டிருந்தாயே, அப்பா வரவில்லையாம். தோட்டத்தில் பூசணி முற்றுகிற நேரம், விட்டுவிட்டு வர ஏலாது என்கிறார். அவருக்குப் பூசணியில் இவ்வளவு பாசம் இருந்தது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. அவருடைய இடத்தில் பெரியம்மா வருகிறார்.

கிணற்று வேலையில் தனியாக நிற்காதே, இரவில் தலைக்கு எண்ணெய் வை, அந்த மலையாளத்துக்காரரிடம் தினமும் ஒரு இளநீராவது குடி. எல்லாத் தெய்வங்களும் உனக்குத் துணை நிற்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றை மறந்துவிடாதே. எங்களுக்குச் சலாலாவுக்கு விமானச் சீட்டு எடுக்காதே, மஸ்கட்டுக்கு மட்டும் எடு. அங்கே ஒரு காரோடு வந்து நில், முன் சீற் பெரியம்மாவுக்கு. என் முழங்காலோடு ஒரு பகல் முழுக்கப் பாலைவனத்தில் இருக்க ஏலாது என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. துமுரைத்தில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறுவம், சலாலாவுக்கு எண்டுதானே கூட்டிக்கொண்டு போனவங்கள், மிச்ச வழியையும் போய் முடிப்பம் என்கிறார்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா
சிவகலா சண்முகலிங்கம்